காலேஜில் சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நமது காரியாலயத்துக்கு ஒரு தகப்பனாரும் மகனும் வந்தார்கள். தகப்பனார் தறி நெய்கின்றவர். மகன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்து, 12-வது வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கி, பக்கத்து டவுனில் ஒரு காலேஜில் சேர்ந்தவன். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசற்படியை மிதித்த முதல் ஆள் அவன்தான். முதல் செமஸ்டர் பரீட்சையில் 6 பாடத்தில் 4 பாடம் போய்விட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தகப்பனார் சொன்னதாவது:

"அய்யா, இவன் கெட்ட பையன் இல்லீங்க. பரீட்சை வந்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளக்கைப் போட்டுக்கிட்டுத்தான் படிச்சான். என்ன பண்றது, நம்ம வம்சத்துக்கு எழுதினது அவ்வளவுதாங்க. பேசாம தறியிலேயே உட்கார வெச்சிரலாம்னு பார்க்கிறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாம் அன்று அவருக்குச் சொன்னதையே இன்று எல்லோருக்கும் சொல்ல வேண்டியது அவசியம் என்று கருதுகின்றோம். ஏனெனில் இந்தத் தகப்பனாரைப் போல் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். 2021-22-ம் ஆண்டு சர்க்கார் கணக்குப்படி, இந்தியா முழுவதற்கும் 18 முதல் 23 வயதுள்ளோர் தொகையில் 100-க்குச் சுமார் 28 பேர் என்ற விகிதத்தில் உயர்படிப்பில் சேர்ந்திருக்க, தமிழ்நாட்டில் அது 47 ஆக இருந்தது. இது சாதாரண காரியமல்ல. எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டு பாடுபட்டுத் திறந்துவிட்ட கதவு இது. ஆனால் கதவைத் திறந்துவிட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நாம் இருந்துவிட்டால், உள்ளே போன பிள்ளைகளில் ஒரு பகுதி அதே கதவு வழியாகத் தலைகுனிந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியே வருகின்றவன் சும்மா வருவதில்லை. "நமக்குப் படிப்பு ஏறாது" என்ற ஒரு பொய்யையும் கூடவே வீட்டுக்குச் சுமந்துகொண்டு வருகின்றான். அந்தப் பொய் அவன் தம்பியையும் தங்கையையும் தறியிலும் அடுப்படியிலும் உட்கார வைத்துவிடுகின்றது. ஆகவே இது ஒரு பையனுடைய பரீட்சை விஷயமல்ல.

நிற்க, அந்தப் பையனை உட்கார வைத்து நாம் சில கேள்விகள் கேட்டோம்.

வகுப்பில் எங்கே உட்காருகிறாய் என்றோம். கடைசி பெஞ்சியில் என்றான். ஏன் என்றால், முன்னால் இருப்பவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறார்களாம், அவனுக்குக் கூச்சமாம். பாடம் விளங்காவிட்டால் ஆசிரியரைக் கேட்டாயா என்றோம். கேட்கலாம் என்பதே தெரியாது என்றான். மொத்த மார்க்கில் காலேஜிலேயே போடுகின்ற மார்க்கு எவ்வளவு என்று தெரியுமா என்றோம். பரீட்சைக்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது என்றான். பாடத்திட்டம் அச்சிட்டது கையில் இருக்கிறதா என்றோம். அப்படி ஒன்று உண்டா என்று நம்மையே திருப்பிக் கேட்டான். எப்போது படிக்க ஆரம்பித்தாய் என்றோம். பரீட்சைக்கு நான்கு நாளைக்கு முன் என்றான். எப்படிப் படித்தாய் என்றோம். திரும்பத் திரும்ப வாசித்தேன் என்றான். யாரோடு சேர்ந்து படித்தாய் என்றோம். தனியாக என்றான்.

வாசகர்களே! இதில் வம்சம் எங்கே வந்தது? தலையெழுத்து எங்கே வந்தது? இவனுக்கு மூளை இல்லை என்று காட்டக்கூடிய பதில் இதில் ஒன்றாவது உண்டா? இவனுக்கு இல்லாததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். காலேஜில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தகப்பனும் பாட்டனும் காலேஜில் படித்த வீட்டில் இந்தச் சங்கதிகளை ஒருவரும் பாடமாக நடத்துவதில்லை. சாப்பாட்டு இலைக்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை காதில் விழுந்துவிடுகின்றது. "அந்த வாத்தியாரைப் போய்ப் பார்த்துக் கேள்," "பழைய கேள்வித்தாளை வாங்கிப் பார்," "வருகைப் பதிவு குறையாமல் பார்த்துக்கொள்" என்று அண்ணனோ அத்தையோ சொல்லிவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை தேறினால் அது பிறவி அறிவு என்று பெயர் வாங்குகின்றது. நம்முடைய பையனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லாமல் அவன் தவறினால் அது பிறவி மந்தம் என்று பெயர் வாங்குகின்றது. இதைவிடப் பெரிய பித்தலாட்டம் வேறு என்ன இருக்க முடியும்?

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலை இருக்கிறது. 1970-களில் அங்கே கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் தவறிக்கொண்டே இருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஏன் என்று யூரி ட்ரைஸ்மன் என்பவர் அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டார். ஊக்கமில்லை, பள்ளிக்கூடத்தில் அஸ்திவாரம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை, ஏழைகள் என்று பதில் வந்தது. அவர் அதை அப்படியே நம்பிவிடாமல், இருதரப்பிலும் 20, 20 மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படித்தான் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து மாதக்கணக்காகப் பார்த்தார். பார்த்ததில், ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் சரியாக நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களின் வீடுகளில் படிப்பின் மேல் மிகுந்த அக்கறை இருந்தது. மாணவர்களும் வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம், சொன்னபடியே, சிரத்தையாகப் படித்தார்கள். ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்களோ தனியாகப் படித்ததோடு நிறுத்தாமல், மாலையில் ஒன்று கூடி, ஒருவர் போட்ட கணக்கை ஒருவர் சரி பார்த்து, ஒருவருக்கு விளங்காததை மற்றொருவர் விளக்கி, வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் செலவழித்தார்கள். தனக்கு வராத கணக்கு மற்றவனுக்கும் வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவனோ, தான்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

உடனே ட்ரைஸ்மன், மந்தமானவர்களுக்கு இரங்கி நடத்துகின்ற வகுப்பாக அல்லாமல், கடினமான கணக்குகளையே கொடுத்துக் கூடிப் போடச் செய்கின்ற குழுக்களை ஏற்படுத்தினார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். பிறவி மாறிற்றா? இரத்தம் மாறிற்றா? பழக்கம் ஒன்றுதான் மாறிற்று.

ஆகவே அந்தப் பழக்கங்கள் எவை என்று நாம் ஒளிவு மறைவின்றி எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். இவற்றில் இரகசியம் ஒன்றுமில்லை.

முதலாவது, வகுப்புக்குப் போக வேண்டும். ஒரு செமஸ்டர் என்பது சுமார் 90 வேலை நாள். பல சர்வகலாசாலைகளில் 100-க்கு 75 நாள் வராவிட்டால் பரீட்சை எழுதவே சுலபத்தில் விடமாட்டார்கள். அது கிடக்கட்டும். காலேஜ் ஆசிரியர் பள்ளிக்கூட வாத்தியாரைப் போல் ஒரே பாடத்தைப் பத்து நாள் சொல்லி, பையனைப் பிரம்பெடுத்துப் படிக்க வைக்கமாட்டார். ஒரு மணி நேரத்தில் சொன்னது சொன்னதுதான். ஆகவே முன் பெஞ்சியில் உட்கார்ந்து, கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் எழுதிக்கொண்டு, அன்று இரவே அதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பாதி மறந்துபோகும். 1885-ல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே சோதித்து, மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக வேலை செய்கின்றது என்று கணக்குப் போட்டு எழுதிவைத்திருக்கிறார். ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிடப் பல நாளில் பிரித்துப் படிப்பது அதிகம் நிற்கும் என்பதும் அவர் கண்டதே.

இரண்டாவது, பாடத்திட்டத்தையும் பழைய கேள்வித்தாள்களையும் முதல் வாரத்திலேயே கையில் வாங்கிவிட வேண்டும். 100 மார்க்கில் 25 மார்க்கோ, சில இடத்தில் 40 மார்க்கோ காலேஜிலேயே நடக்கின்ற சிறு பரீட்சைகளாலும் கட்டுரைகளாலும் வருகின்றது. அதை அலட்சியம் செய்தவன் கடைசிப் பரீட்சையில் எவ்வளவு முட்டினாலும் ஈடு செய்வது கஷ்டம். எந்தத் தேதியில் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க நாலணாச் செலவுகூட ஆகாது.

மூன்றாவது, வாசிப்பது வேறு, படிப்பது வேறு என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதில் நம்முடைய சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகின்றோம். நாம் காலேஜ் கண்டவர்களல்ல. கடையில் கணக்கெழுதிக்கொண்டே இரவல் புஸ்தகங்களைப் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவர்கள். இளம் வயதில் ஒரு புஸ்தகத்தை ஐந்து முறை வாசித்துவிட்டு, அதில் உள்ளதெல்லாம் நமக்குத் தெரியும் என்ற இறுமாப்போடு ஒரு மேடை ஏறினோம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேச ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு விழித்தோம். அதற்குப் பிறகுதான் ஒரு அத்தியாயம் படித்தவுடன் புஸ்தகத்தை மூடிவைத்துவிட்டு, என்ன படித்தோம் என்று வெறுஞ்சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்க்கின்ற பழக்கம் வந்தது.

நாம் அவமானப்பட்டுக் கற்றதை 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் பரிசோதனை செய்தே காட்டிவிட்டார்கள். மாணவர்களில் ஒரு கூட்டத்தார் ஒரு சிறு பாடத்தை நான்கு வேளையும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மற்றொரு கூட்டத்தார் ஒரு வேளை மாத்திரம் வாசித்து, மீதி மூன்று வேளையும் புஸ்தகமில்லாமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்ததில் வாசித்த கூட்டமே முந்திற்று. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்களுக்கு 100-க்கு 40 பங்கும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கும் நினைவில் இருந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான்! இரவு இரண்டு மணி வரை விளக்கெரித்த நமது தறிக்காரர் மகன் ஏன் தவறினான் என்பது இப்போது விளங்குகின்றதா? அவன் உழைக்காமல் தவறவில்லை. உழைப்பைத் தப்பான இடத்தில் போட்டான். அல்லாமலும் தூக்கத்தை வேறு கெடுத்துக்கொண்டான். படித்தது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும் என்பது இன்று உடற்கூறு விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்ட விஷயம்.

நான்காவது, கேட்க வேண்டும். தெரியாததைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கிவிட்டார்கள். பெரியவர் முன் வாய் திறக்காதே, எதிரே நிற்காதே, சொன்னதைச் செய் என்று வளர்த்துவிட்டு, காலேஜில் போய்க் கேள்வி கேள் என்றால் அவன் எப்படிக் கேட்பான்? ஆனால் கேட்டே ஆக வேண்டும். ஆசிரியர் சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். வகுப்பில் கேட்கக் கூச்சமாயிருந்தால் வகுப்பு முடிந்ததும் அவர் அறைக்குப் போய், "அய்யா, இந்த இடம் வரைக்கும் விளங்கிற்று, இதற்கு மேல் விளங்கவில்லை" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லுகின்ற பையனை விரட்டுகின்ற ஆசிரியர் மிகச் சிலரே இருப்பார்கள். ஒருவர் விரட்டினால் இன்னொருவரிடம் போகட்டும்.

ஐந்தாவது, இங்கிலீஷ். தமிழில் படித்தவனுக்கு முதல் மூன்று மாதம் வகுப்பு முழுவதும் இரைச்சலாகத்தான் இருக்கும். அதை அறிவுக் குறைவு என்று எண்ணக்கூடாது. அது பழக்கக் குறைவு. ஒவ்வொரு பாடத்துக்கும் அடிக்கடி வருகின்ற சொற்கள் 200, 300 தான் இருக்கும். நாளைக்குப் பத்துச் சொல்லாக, அர்த்தத்தைத் தமிழில் தெளிவாகத் தெரிந்துகொண்டு எழுதிவந்தால் ஒரு மாதத்தில் அவை கைக்கு வந்துவிடும். விஷயத்தை முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுவதில் ஒரு கேவலமும் இல்லை. விளங்காமல் இங்கிலீஷில் நெட்டுருப் போடுவதுதான் கேவலம்.

ஆறாவது, கைப்பேசி. அதில் பாடமும் இருக்கிறது, பாழும் இருக்கிறது. படிக்கின்ற ஒரு மணி நேரம் அதை வேறு அறையில் வைத்துவிடுவதே நல்லது. இப்போது கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தருகின்ற இயந்திரங்களும் வந்துவிட்டன. விளங்காததை விளக்கச் சொல்லி அவற்றைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது எழுதித் தந்ததைத் தன் பெயரில் கொடுப்பவன், தனக்குப் பதிலாக மற்றவனைக் கசரத்து எடுக்கச் சொல்லித் தன் கை பருக்கும் என்று காத்திருப்பவனுக்குச் சமானம்.

ஏழாவது, பரீட்சை நெருங்கியதும் பேனாவைக் கோவிலில் வைத்துப் பூசை செய்வதும், ஜோசியனிடம் போய் வித்தை ஸ்தானம் எப்படி என்று கேட்பதும். இதற்குச் செலவாகின்ற பணமும் பொழுதும் இருக்கட்டும். தவறினால் கிரகத்தின் மேலும், தேறினால் சாமியின் மேலும் பழியையும் புகழையும் போட்டுவிட்டுத் தன் படிப்பு முறையில் என்ன கோளாறு என்று பார்க்காமலேயே அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுகிறானே, அதுதான் பெரிய நஷ்டம்.

இவ்வளவும் சாதாரண அறிவுள்ளவனுக்குத்தானே, மேதாவிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கணித மேதை ராமானுஜத்தை எல்லோரும் அறிவார்கள். அவர் 1904-ல் கும்பகோணம் சர்க்கார் காலேஜில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தார். கணிதத்திலேயே முழுகிக் கிடந்து மற்றப் பாடங்களைத் தள்ளிவைத்ததால் பரீட்சையில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு 1906-ல் சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தும் அதே காரணத்தால் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. அப்படிப்பட்ட மூளையைத் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாத பரீட்சை முறையும் குற்றமுள்ளதுதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவரைக் கைதூக்கிவிட கேம்பிரிட்ஜில் ஒரு ஹார்டி இருந்தார். நமது தறிக்காரர் மகனுக்கு எந்த ஹார்டி கடிதம் எழுதப்போகிறார்? ஆகவே எல்லாப் பாடத்துக்கும் பொழுதைப் பங்கிட்டுக் கொடுக்கின்ற பழக்கம் அவனுக்கு ராமானுஜத்தைவிட அதிகமாக வேண்டும்.

நிற்க, பிள்ளைகளுக்கு மாத்திரம் புத்தி சொல்லிவிட்டு மற்றவர்களை விட்டுவிட நாம் தயாரில்லை.

பெற்றோர்களே! பிள்ளையைக் காலேஜில் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தவுடன் தறிக்கும் கடைக்கும் மாட்டுக்கும் அனுப்பினால் அவன் எப்போது படிப்பான்? பெண் பிள்ளையாயிருந்தால் அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் குடம் எல்லாம் அவள் தலையில் விழுகின்றது. படித்த பெண் தேறாவிட்டால் மாத்திரம், "பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு" என்கிறீர்கள். நாளைக்கு இரண்டு மணி நேரம் ஒருவரும் கூப்பிடாத ஒரு மூலையை வீட்டில் அவளுக்குக் கொடுங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை. மனம்தான் வேண்டும். ஒரு செமஸ்டரில் இரண்டு பாடம் போனால் உலகம் முடிந்துவிட்டதாக ஒப்பாரி வைக்காதீர்கள். போன பாடத்தைத் திரும்ப எழுதலாம். நின்றுபோன படிப்பைத் திரும்ப ஆரம்பிப்பதுதான் கஷ்டம்.

காலேஜ் நிர்வாகிகளே! முதல் தலைமுறையாய் வருகின்ற பிள்ளையிடம் பீஸ் வாங்கி ரசீது கொடுப்பதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடவில்லை. மேலே நாம் சொன்னவைகளை முதல் வாரத்திலேயே, தமிழில், கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுக்க ஒரு ஆசிரியரை ஏன் போடக்கூடாது? சர்க்காரும் முதல் பட்டதாரிக்குச் சம்பளச் சலுகை கொடுத்தது. 2022-ல் சர்க்கார் பள்ளியில் படித்து உயர்படிப்புக்குப் போகின்ற பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. 2024-ல் ஆண்பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தது. இவை நல்ல காரியங்களே. ஆனால் பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் பணம் கொடுத்தால் பிள்ளை காலேஜ் வாசல் வரைக்கும் போய்ச் சேரும். உள்ளே நடக்கத் தெரிய வேண்டுமே!

தோழர்களே! ஒவ்வொரு ஊரிலும் நாம் வைத்திருக்கும் படிப்பகத்தில் பத்திரிகை படிக்கிறோம், வாதம் செய்கிறோம், டீ சாப்பிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அதைக் காலேஜ் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுங்கள். ஊரில் பட்டம் பெற்றவர் ஒருவராவது இருப்பார். அவரை வந்து உட்காரச் சொல்லுங்கள். அவர் பாடம் நடத்த வேண்டாம். பிள்ளைகள் கூடிப் படிக்க, சந்தேகம் வந்தால் வழி சொன்னால் போதும். ஆணும் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். பழைய கேள்வித்தாள்களையும் பழைய புஸ்தகங்களையும் ஒரு பீரோவில் சேர்த்து வையுங்கள். ஒரு மாநாட்டுப் பந்தலுக்கு ஆகின்ற செலவில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது.

அந்தத் தறிக்காரர் மகனை நாம் அனுப்பியது அப்படிப்பட்ட ஒரு இடத்துக்குத்தான். அவனோடு இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். போன 4 பாடத்தில் இப்போது 3 பாடம் தேறிவிட்டான். கணக்குப் பாடம் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. சென்ற வாரம் தகப்பனார் நம்மைக் கடைவீதியில் பார்த்து, "அய்யா, சின்னவளும் வர்ற வருஷம் காலேஜுக்குப் போறேங்கிறா. போகட்டும்னுட்டேன்" என்றார். வம்சத்துக்கு எழுதினது என்ன ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆதலால் இந்த ஆண்டு காலேஜில் சேருகின்ற பிள்ளையுள்ள ஒவ்வொருவரும் இதை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும்படியும், ஒவ்வொரு ஊர்த் தோழர்களும் வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே படிப்பகத்தைத் திறந்து வைக்கும்படியும் வேண்டிக்கொள்ளுகின்றோம்.